மணல்மேட்டுக் கொட்டகை

அந்த வருஷம் ஆடி மாதத்தில் எங்கள் குப்பத்துப் படகுகளுக்கு அடியில் ஆட்கள் குடியேறினார்கள்.

எங்கள் குப்பம் ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணலில் இருந்தது. ஏரிக்கு அந்தப் பக்கம் பழவேற்காடு பட்டணமும், கடல் தாண்டி ஒல்லாந்து தேசத்திலிருந்து வியாபாரத்துக்கு வந்த உலாந்தாக்காரர் கோட்டையும். கப்பல்கள் கரைக்கு வர முடியாது. மணல்திட்டுகளுக்கு வெளியே ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து சரக்கை அலை தாண்டி ஏற்றவும் இறக்கவும் சலங்கு வேண்டும். ஆணி அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த பெரிய படகு அது. என் புருஷன் ஒரு சலங்குக்குத் தண்டல். பின்னால் நின்று திசை பிடிப்பவர், துடுப்புக்காரர்களுக்குத் தலைவர். கப்பல் இல்லாத நாட்களில் சலங்கைக் கவிழ்த்துப் போட்டுக் கயிறு மாற்றுவார்கள், எண்ணெய் பூசுவார்கள். கவிழ்த்த சலங்கின் கீழே ஒரு குடும்பம் படுக்கும் அளவுக்கு நிழல் இருக்கும்.

நான் கருவாடு காயப்போடப் போனபோது எங்கள் சலங்கின் அடியிலிருந்து ஒரு கால் நீட்டிக்கொண்டிருந்தது. வெடித்த பாதம், உலர்ந்த சேறு. செத்த ஆள் என்றுதான் முதலில் நினைத்தேன். குனிந்து பார்த்தால் புருஷன், பெண்சாதி, இரண்டு பெண் குழந்தைகள். பெண்சாதி மட்டும் எழுந்து உட்கார்ந்தாள்.

"படகு உங்களுதாம்மா? வெயில் தாங்கல. சாயங்காலம் போயிடறோம்."

"எங்க போவ?" என்று கேட்டேன்.

அவள் தூங்குகிற குழந்தையின் காலிலிருந்த மணலைத் தட்டிவிட்டாள். கேட்டிருக்கக்கூடாத கேள்வி என்று எனக்கே தோன்றிவிட்டது.

அவர்கள் திருப்பாலைவனத்துக்கு மேற்கே ஒரு சின்ன ஊர்க்காரர்கள். நெல் பயிரிடுகிற குடும்பம். இரண்டு வருஷம் மழை ஏமாற்றியது. மூன்றாவது வருஷம் சண்டைக்குப் போகிற குதிரைக்காரர்கள் அந்த வழியாக வந்து, இருந்த வைக்கோல் போரையும் கொளுத்தி, மாட்டையும் ஓட்டிக்கொண்டு போனார்கள். கோட்டை இருக்கிற இடத்தில் வேலை இருக்கும் என்று நம்பிக் கிழக்கே நடந்து வந்திருக்கிறார்கள். பட்டணமே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது அவர்களுக்குத் தெரியாது. நெசவுக்காரர்களில் பாதிப்பேர் சென்னப்பட்டணம் போய்விட்டார்கள். தறிச் சத்தம் கேட்ட தெருக்களில் நாய்கள் தூங்கின. துணிக் கிடங்குகள் பூட்டிக் கிடந்தன.

அன்றைக்குக் கேழ்வரகுக் கூழ் ஒரு சட்டி கொண்டுபோய்க் கொடுத்தேன். குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டுக் கடைசியில் தானும் ஒரு வாய் குடித்தவள், முகத்தைச் சுளித்தாள்.

"உப்பு சாஸ்தி."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சட்டியைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தவள், வீட்டு வாசலில் சிரித்துவிட்டேன். பசியில் இருக்கிறவள் ருசி பார்க்கிறாள் என்றால் இன்னும் உயிரோடுதான் இருக்கிறாள். மறுநாள் உப்பைக் குறைத்துக் கரைத்தேன்.

ஆடி முடிவதற்குள் கரையில் கவிழ்ந்து கிடந்த எல்லாப் படகின் கீழும் ஆட்கள். பட்டணத்திலும் அப்படித்தான்: கிடங்குச் சுவர் ஓரம், சந்தைக் கொட்டகை, துறைப் படிகள். எங்கள் குப்பத்துப் பெண்கள் முடிந்தபோது கூழ் ஊற்றினோம். முடியாதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு போனோம்.

ஆவணியில் ஒரு கப்பல் வந்தது. கோட்டைக்காரர்களுடையது அல்ல, யாரோ தனி வியாபாரியின் கப்பல் என்றார்கள். சரக்கு ஏற்ற வேண்டும் என்று ஒரு தரகர் வந்து கூப்பிட்டார். முன்பு துணிக்குத் தரகு பார்த்தவர். துணி நின்றபிறகு என்ன செய்கிறார் என்று எங்களுக்குத் தெரியாது. சலங்கை நிமிர்த்தினார்கள். அதன் கீழே இருந்த குடும்பம் வெயிலில் போய் உட்கார்ந்தது.

என் புருஷன் மத்தியானம் திரும்பி வந்தார். சோறு வைத்தேன், கை கழுவாமலே தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா ஆச்சு?"

"மூட்டைனு சொன்னான். துறைக்குப் போய்ப் பாத்தா ஆளுங்க. சந்தைக்குப் பின்னால வேலி கட்டி வச்சிகீறான். கஞ்சி ஊத்தறேன்னு உள்ள கூப்டறது, அப்பால வெளிய வுடறதில்ல. கடலுக்கு அந்தாண்ட இன்னாவோ தேசமாம், அங்க வித்துடுவானுங்க."

"நீ ஏத்தினியா?"

"ஏத்திட்டேன். எல்லாப் படகும் ஏத்திடுச்சு." துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "ஒரு பொம்பள, நடு அலையில என்னைப் பாத்துக் கேக்கறா, 'அண்ணே, சாயங்காலம் திரும்பிடுவமா'னு. நான் இன்னா சொல்றது? திசையைப் பாத்துக்கினு நின்னேன்."

அவர் எழுந்து தட்டை அப்படியே தள்ளி வைத்தார். "இனிமே அந்த ஏத்தம் நான் ஏத்தமாட்டேன். தலையே போனாலும் சரி."

என் புருஷன் அதிகம் பேசுகிறவர் அல்ல. சொன்னால் மாற்றுகிறவரும் அல்ல. எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் அந்தப் பெண் கேட்டதாக அவர் சொன்ன வார்த்தை என் காதிலும் உட்கார்ந்துகொண்டது.

அம்மன் கோயில் முன்னால் குப்பம் கூடியது. எங்கள் நாட்டாண்மை பெரிய உடம்புக்காரர், எதற்கும் அவசரப்படாதவர். கடலில் படகு இறக்கலாமா கூடாதா என்று காலையில் அலை பார்த்துச் சொல்லும் உரிமை அவருக்குத்தான். என் புருஷன் இரண்டு விஷயம் கேட்டார். கரையில் கிடக்கிறவர்களுக்கு மழைக்கு முன்னால் ஒரு கொட்டகை போட வேண்டும். ஆள் ஏற்றுகிற கூலிக்கு எந்தப் படகும் இறங்கக்கூடாது.

நாட்டாண்மை தலையை ஆட்டினார். "கொட்டகை போடலாம். ஐப்பசிப் புயல்ல படகுக்குக் கீழ கெடந்தா செத்துப் பூடுவாங்க, அந்தப் பாவம் நமக்கு வேணாம். ஆனா ஏத்தமாட்டேன்னு சொன்னா நாளைக்கி எவன் நம்மளக் கூப்டுவான்? கப்பல் கூலி இல்லாம மீனை மட்டும் நம்பி எத்தினி நாளு ஓட்டறது?"

"பத்து பேருக்கு ஊத்தினா நூறு பேரு வருவாங்க," என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

பெண்கள் அங்கே பேசும் வழக்கமில்லை. நான் எழுந்துவிட்டேன். "இப்பவே நூறு பேரு வந்துட்டாங்க. நாம கூப்டுட்டா வந்தாங்க? எந்த வலை வந்தாலும் பங்கு போடறப்ப, படகுக்கு ஒண்ணு, வலைக்கு ஒண்ணு, ஆளுக்கு ஒண்ணுனு போடறமே, கூட ஒரு பங்கு போடுங்க. வராத ஆளுக்குப் போட்ட மாதிரி. அத நாங்க கருவாடாக்கி வடக்கத்திப் படகுக்காரங்க கிட்ட குடுத்துத் தானியம் வாங்கிக்கறோம்."

எங்கள் கூட்டத்தில் ஒரு பெண் பேசி அது நடந்தது அதுதான் முதல் தடவை. நான் அழகாகப் பேசியதால் அல்ல. எல்லோரும் ஏற்கனவே தனித்தனியாக ஒளித்துக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். பொதுவில் கொடுத்தால் பொண்டாட்டியிடம் பொய் சொல்ல வேண்டாம் என்று பல ஆண்களுக்கு நிம்மதி.

ஆள் ஏற்றும் விஷயத்தை நாட்டாண்மை அன்று தீர்க்கவில்லை. "கப்பல் வரட்டும், பாக்கலாம்," என்று எழுந்துவிட்டார்.

குப்பத்துக்குத் தெற்கே மணல் உயர்ந்த மேடு ஒன்று இருந்தது. பெருமழையிலும் ஏரித் தண்ணீர் ஏறாத இடம். அங்கே நீளமாக ஒரு கொட்டகை போடத் தீர்மானித்தோம். காட்டுப்பள்ளிக் காட்டுக்குப் படகில் போய்க் கழி வெட்டி வந்தார்கள். ஏரி நடுவே இருக்கும் பசியாவரம் தீவுக்காரர்கள் பனையோலை ஏற்றி அனுப்பினார்கள். கேட்காமலே அனுப்பினார்கள், சேதி ஏரியில் எங்களைவிட வேகமாகப் போயிருந்தது.

உப்பு சாஸ்தி என்றவள் அங்கேயும் சும்மா இருக்கவில்லை. ஓலைத் தட்டியெல்லாம் ஒரு வீடா, மண்சுவர்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். ஏரிச் சேற்றை மிதித்துக் குழைத்து, மூன்று பக்கம் இடுப்பளவுக்கு எழுப்பினாள். நானும் மிதித்தேன். நன்றாகத்தான் இருந்தது. காய்ந்ததும் உப்புப் பூத்து, தொட்ட இடமெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தது. ஒரு காலை வந்து பார்த்தால் பாதிச் சுவர் தரையில். அவள் அதைப் பார்த்தபடி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"உங்க ஊர்ல மண்ணுகூட கருவாடா?"

நாங்கள் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு தட்டி கட்டினோம். கூரைக்கு மேலே கிழிந்த வலைகளைப் போர்த்தி, ஓரங்களில் கல் கட்டித் தொங்கவிட்டோம், காற்று ஓலையைத் தூக்காமல் இருக்க.

கூரை முடியும் சமயத்தில் அவள் புருஷன் காணாமல் போனான். அவன் அதிகம் பேசாத மனிதன். வேலை செய்யும்போதே நடுவில் நின்று கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பான். கூழுக்கு வரிசையில் நிற்பது அவனுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு சாவு. ஒரு மத்தியானம் தரகரின் ஆள் ஒரு சின்ன அரிசி மூட்டையைக் கொண்டுவந்து கொட்டகை வாசலில் வைத்துவிட்டு, "உன் புருஷன் குடுத்தனுப்பினான்," என்று சொல்லிப் போனான்.

அரிசிக்காகத் தன்னையே விற்றுவிட்டான் என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. மூட்டையைத் தூக்கிக்கொண்டு துறைக்கு ஓடினாள். நான் பின்னாலேயே ஓடிப் படகில் ஏறினேன். ஏரி தாண்டிப் பட்டணத்தில் இறங்கினோம். சந்தைக்குப் பின்னால் முள்வேலி, காவலுக்கு ஈட்டி பிடித்த ஆட்கள். வேலிக்கு உள்ளே அவன் நின்றான்.

"வெளிய வாய்யா! யாரு கேட்டா இந்த அரிசிய?" என்று கத்தினாள்.

"புள்ளைங்களுக்கு ஆக்கிக் குடு. போ."

"இந்தா, எடுத்துக்க உன் அரிசிய. எங்க ஆளை வுடு," என்று மூட்டையைக் காவலாளியின் காலடியில் போட்டாள். அவன் மூட்டையை எடுத்துக்கொண்டான். ஆளை விடவில்லை.

திரும்பும் வழியில் அவள் படகில் வேலி இருந்த பக்கமே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்து என் புருஷனிடம் சொன்னேன். அவர் அப்போதே நாட்டாண்மை வீட்டுக்குப் போனார். இரண்டு பேரும் வெளியே வந்தபோது முகத்தைப் பார்த்து ஒன்றும் தெரியவில்லை. நாட்டாண்மை மட்டும் நேராக மணல்மேட்டுக்குப் போனார். கொட்டகைக்குள் குனிந்து பார்த்துவிட்டு வந்தார்.

பக்கத்துத் துறைகளிலும் ஆள் ஏற்றிவிட்டு, புரட்டாசி நடுவில் அந்தக் கப்பல் திரும்பி வந்தது. வாடைக்காற்று திரும்பிவிட்டால் இந்தக் கரையில் கப்பல் நிற்காது. அதற்குள் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். காலையில் தரகர் ஆட்களோடு கரைக்கு வந்தார். இடுப்பில் கயிறு கட்டி ஒருவர் பின் ஒருவராகக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அதில் அவனும் இருந்தான். நாங்கள் பெண்கள் எல்லோரும் மீன் கூடையோடு கரையில்தான் இருந்தோம். அவள் என் பக்கத்தில் நின்றாள். அவள் விரல்கள் என் முழங்கையில் பதிந்திருந்தன.

தண்டல்கள் அவரவர் சலங்கின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை.

"இன்னாப்பா, கடல் நல்லாத்தான கீது? எறக்குங்க," என்றார் தரகர்.

என் புருஷன் சொன்னார்: "நாங்க எறக்கல."

"கூலி ஒசத்தித் தரேன்."

"கூலிப் பேச்சு இல்ல."

தரகர் நாட்டாண்மையிடம் திரும்பினார். "நீ சொல்லுய்யா. உன் ஆளுங்கதான?"

நாட்டாண்மை கடல் ஓரம் வரை மெதுவாக நடந்தார். கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்த்தார். கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. அவ்வளவு அமைதியான காலையை நான் அந்த மாதத்தில் பார்த்ததில்லை.

"அலை சரியில்ல," என்றார். "திட்டுக்கிட்ட மோசமா கீது. இன்னிக்கி எறக்க முடியாது."

தரகர் கடலைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். அலை பார்த்துச் சொல்வது நாட்டாண்மையின் வேலை. அதில் கோட்டைக்காரர்கள்கூட எதிர்ப்பேச்சு பேசியதில்லை. கயிறு கட்டிய ஆட்களை மறுபடியும் ஏரி தாண்டிக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

மறுநாளும் வந்தார்கள். நாட்டாண்மை மறுநாளும் கையை நெற்றியில் வைத்துப் பார்த்து, அலை சரியில்லை என்றார். அதற்கு அடுத்த நாளும். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். ஒவ்வொரு தடவையும் அவர் காது மடல் சிவந்துபோகும். ஆனால் குரல் தடுமாறவில்லை.

நாலாம் நாள், பொறுமையிழந்த கப்பல்காரர்கள் ஆட்களை ஏற்றிப்போகத் தங்கள் சொந்தப் படகை இறக்கிக் கரைக்கு வரப் பார்த்தார்கள். ஆணி அடித்த, கனமான படகு. எங்கள் அலைக்கு அது ஆகாது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அன்று கடலும் கொஞ்சம் எழும்பியிருந்தது. மணல்திட்டில் அது குறுக்கே திரும்பியதைப் பார்த்தோம். அடுத்த அலையில் கவிழ்ந்துவிட்டது. உடனே எங்கள் ஆட்கள் கட்டுமரங்களைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தார்கள். என் புருஷன்தான் முதலில் போனவர். எல்லாக் கப்பல்காரர்களையும் உயிரோடு இழுத்துவந்து கரையில் போட்டார்கள். செம்பட்டை முடி நெற்றியில் ஒட்டிக்கிடக்க, உப்புத் தண்ணீரை வாந்தியெடுத்துக்கொண்டு கிடந்தார்கள்.

சேதி கேட்டுக் கோட்டையிலிருந்து ஓர் அதிகாரி துபாசியோடு வந்தார்.

"ஏன் படகு இறக்கவில்லை என்று துரை கேட்கிறார்," என்றார் துபாசி.

"அலை சரியில்லனு நான் நாலு நாளா சொல்லிக்கினு கீறேன். இவங்களையே கேளுங்க," என்று நாட்டாண்மை நனைந்து கிடந்தவர்களைக் காட்டினார்.

அதிகாரி அவர்களைப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்தார், கொஞ்ச நேரம். அந்தக் கப்பல் தங்களுடையது அல்ல, தங்களுக்கு இதில் வேலையில்லை என்று துபாசி மூலம் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

காற்று வாடைக்குத் திரும்பத் தொடங்கியதும் கப்பல் நங்கூரத்தைத் தூக்கியது. கரையில் யாரும் கூச்சல் போடவில்லை. பாய் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான்.

வேலிக்குள் இருந்தவர்களுக்கு மழைக்காலம் முழுவதும் கஞ்சி ஊற்றத் தரகருக்கு மனமில்லை. ஒரு பகுதியை வேறு துறைக்குத் தரைவழியே ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களை எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவர்கள் முகங்களைக் கயிற்று வரிசையில் பார்த்தது மட்டும்தான், ஆனாலும் அந்த எண்ணம் என்னை விடவில்லை. நோயில் இருந்தவர்கள், நடக்க முடியாதவர்கள் என்று மிஞ்சியவர்களை வெளியே விரட்டிவிட்டார்கள். அவள் புருஷனுக்குக் காய்ச்சல், அதனால் மிஞ்சினான். துறையில் படகை விட்டு இறங்கியவனை அவள் கட்டிக்கொள்ளவில்லை. முதுகில் ஓர் அறை விட்டாள். பிறகு கைத்தாங்கலாகக் கொட்டகைக்கு நடத்திக்கொண்டு போனாள்.

தரகரின் கோபம் என் புருஷன்மேல் விழுந்தது. ஒரு மாலை சந்தையிலிருந்து திரும்புகிற வழியில் சிலர் மறித்துத் தடியால் அடித்தார்கள். வலது தோள் உடைந்தது. கட்டுப் போட்டோம், எலும்பு கூடியது, ஆனால் கை தலைக்குமேல் எழவில்லை. தண்டலுக்குத் தூக்க முடியாத கை எதற்கு? சலங்கை அவர் தம்பியிடம் கொடுத்தார். நான் அழுதேன், கத்தினேன், நாட்டாண்மை வீட்டு வாசலில் போய்ச் சண்டை போட்டேன். என் புருஷன் மட்டும் ஒரு தடவைகூடப் புலம்பவில்லை. "நடு அலையில அந்தப் பொம்பளை கேட்டதுக்கு இப்பதான் பதில் சொல்லிருக்கேன்," என்றார். மறுநாள் முதல் இடது கையால் ஓலை முடையப் பழகினார். கொட்டகையின் பொறுப்பு முழுக்க அவரிடம் வந்தது.

ஐப்பசிப் புயலில் கூரையின் வடக்குப் பாதி போய்விட்டது. தெற்குப் பாதியை வலைகள் பிடித்துக்கொண்டன. மழை ஓயும்வரை கொட்டகைக்காரர்களை வீட்டுக்கு ஒரு குடும்பமாகப் பிரித்து வைத்துக்கொண்டோம். என் வீட்டுக்கு அவள்தான் வந்தாள். அடுப்பு புகைகிறது, கூரை தாழ்வு, மீன் நாற்றம் என்று ஒன்றையும் விடவில்லை. நானும் விடவில்லை. எங்கள் சத்தம் புயலுக்கு மேலே கேட்டதாகப் பக்கத்து வீட்டார் சொன்னார்கள். அந்த மழையில் வயதானவர்கள் சிலரும் ஒரு கைக்குழந்தையும் இறந்துபோனார்கள். மேட்டுக்குப் பின்னால் புதைத்தோம். குழந்தையை அவள்தான் கடைசிவரை மடியில் வைத்திருந்தாள்.

மழை நின்றதும் வயற்காரர்கள் மேற்கே பார்க்கத் தொடங்கினார்கள். சிலர் போனார்கள், சிலர் எங்களோடு வலை இழுக்கப் பழகினார்கள். அவள் குடும்பம் போனது. நன்றி என்று எதுவும் சொல்லவில்லை. குழந்தைகளை முன்னால் நடக்கவிட்டு, கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னாள்: "மேக்கால இருக்கிற தட்டிய மாத்திடுங்க. சாரல் அடிக்குது."

மாற்றினோம். அவள் சொன்னது சரிதான்.

கொட்டகை காலியாகும், பிரித்துக் கழிகளை வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று நாட்டாண்மை நினைத்திருந்தார். காலியாகவில்லை. பட்டணம் இளைக்க இளைக்க, பட்டணத்திலிருந்தே ஆட்கள் வந்தார்கள்: தறி விற்றுத் தின்ற நெசவுக்காரர், கோட்டையில் வேலை போன சுமைக்காரர், புருஷன் விட்டுவிட்டுப் போனவள். அடுத்த ஆடியில் அதற்காகக் குப்பம் கூடவே இல்லை. வலை வந்தது, பங்கு போட்டார்கள், கூட ஒரு பங்கு தனியாக விழுந்தது. யாரும் யாரையும் கேட்கவில்லை.

இத்தனை வருஷத்தில் இரண்டு தடவை கொட்டகை முழுதாக விழுந்தது. இரண்டு தடவையும் மறுபடி எழுப்பி நிறுத்தினோம். இந்த வருஷம் ஓலை சீக்கிரமே வந்து இறங்கிவிட்டது. என் புருஷன் காலையிலிருந்து இடது கையால் ஒவ்வொன்றாக எடுத்து உதறி அடுக்கிக்கொண்டிருக்கிறார். நானும் போய் முடைய வேண்டும்.